கணக்கில் வராத மூன்று செக்கன்

சுவர்ணாவுக்குச் சறுக்குச் சப்பாத்துப் போட்டு ஐஸில் ஒரு நிமிடம்கூட நிற்கத் தெரியாது. ஆனால் ஐஸ் ஹொக்கி ஆட்டம் ஒன்றில் எத்தனை நிமிடம், எத்தனை செக்கன் மிச்சமிருக்கிறது என்று சொல்வதற்கு அவளைவிட நம்பிக்கையான ஆள் கிழக்கு லண்டனில் கிடையாது என்று அணிப் பிள்ளைகளின் பெற்றோர் சொல்வார்கள்.

அந்த வேலை அவளுக்கு டென்மார்க்கில் கிடைத்தது. பன்னிரண்டு வருடம் அவர்கள் ஹேர்னிங் என்ற சிறு நகரத்தில் இருந்தார்கள். அந்த ஊரில் ஐஸ் ஹொக்கி காய்ச்சல் மாதிரி. ஒரு வீட்டில் பிடித்தால் தெரு முழுக்கப் பரவும். மகள் கம்சிகாவுக்கு ஆறு வயதில் பிடித்தது. பிள்ளையைக் கழகத்தில் சேர்த்தால் தாய் தகப்பனும் ஏதாவது ஒரு வேலையை ஏற்கவேண்டும் என்பது அங்கே விதி. சில தாய்மார் கோப்பி விற்றார்கள். சிலர் வாசலில் நின்று ரிக்கெற் கிழித்தார்கள். எல்லாவற்றுக்கும் டேனிஷ் பேசவேண்டியிருந்தது. சுவர்ணாவின் நாக்கில் அப்போது டேனிஷ் ஏறவேயில்லை. மணிக்கூட்டு மேசைக்கு மட்டும் எண்கள் தெரிந்தால் காணும் என்றார்கள். ஒரு பருவத்துக்கு என்று போய் உட்கார்ந்தவள் ஆறு வருடம் உட்கார்ந்தாள்.

மகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்று கணவர் பத்மநாதன் முடிவெடுத்து, 2003இல் குடும்பம் லண்டனுக்கு வந்தது. அவர் அப்டன் பார்க்கில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை அச்சிடும் தொழிலைத் தொடங்கினார். ஃபாரஸ்ட் கேட்டில் வீடு. சுவர்ணாவுக்கு ஒரு பார்மசியில் குளிசைகளை எண்ணிப் பெட்டியில் போடும் வேலை. வந்து இரண்டு கிழமைக்குள் கம்சிகா பெண்பிள்ளைகளுக்கான ஹொக்கி அணியொன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு மாதத்துக்குள் அதே அணியின் மணிக்கூட்டு மேசையில் சுவர்ணா இருந்தாள்.

மூன்று வருடம் கழித்து, 2006ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில், பதினாறு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்கான சர்வதேசச் சுற்றுப்போட்டி ஒன்று அவர்களுடைய அரங்கிலேயே வந்து சேர்ந்தது. ஆறு நாட்டிலிருந்து ஆறு அணிகள். நான்கு நாள் ஆட்டம். லண்டன் அணி அரையிறுதிக்கு வரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. பயிற்சியாளர் டெபிகூட நினைத்திருக்கவில்லை. ஆனால் வந்துவிட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அரையிறுதி. எதிரில் டென்மார்க்.

“அக்கா, இண்டைக்கு நீங்கள் எந்தப் பக்கம்?” என்று கேட்டான் குகநாதன்.

அவன் சுவர்ணாவின் சின்னம்மாவின் மகன், கிங்ஸ்பரியில் இருப்பவன். வேலைக்கு ஆள் போதாது என்று அவள் கேட்டதற்காக விடுமுறையைத் தியாகம் பண்ணிக்கொண்டு வந்திருந்தான். மணிக்கூட்டு மேசைக்கு இரண்டு பக்கத்திலும், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், தண்டனைப் பெட்டிகள் இருந்தன. ஆட்டத்தில் தவறு செய்யும் பிள்ளை ஐஸை விட்டு வெளியேறி இரண்டு நிமிடம் அதற்குள் உட்கார்ந்திருக்கவேண்டும். அந்தக் கதவைத் திறந்து மூடுவதுதான் அவன் வேலை. குளிருக்கு இரண்டு ஜக்கெட் போட்டிருந்தான்.

“நான் மணிக்கூட்டின்ர பக்கம்,” என்றாள் சுவர்ணா.

அவன் பகிடியாகத்தான் கேட்டான். ஆனால் காலையிலிருந்து அதே கேள்வியை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். டென்மார்க் பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அவர்களுடைய முகாமையாளர் வழி கேட்க, சுவர்ணா டேனிஷிலேயே பதில் சொல்லியிருந்தாள். அதைக் கண்ட கெவின், லண்டன் கோல்காப்பாளரின் தகப்பன், “எங்கள் இரகசியங்களை விற்றுவிடாதே” என்று சிரித்துக்கொண்டு போனார். அவளும் சிரித்தாள்.

ஆட்டம் பதினைந்து நிமிடம் வீதம் மூன்று பகுதி. நடுவர் பக் எனப்படும் தட்டையான றப்பர் வட்டைக் கீழே போட்டதும் மணிக்கூட்டை ஓடவிடவேண்டும்; விசில் ஊதினால் நிறுத்தவேண்டும். மேசையில் இருந்த பெட்டியில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். வெள்ளிக்கிழமையே அந்தப் பொத்தான் ஒருமுறை பிடிக்காமல் போனது. சுவர்ணா அரங்கின் பராமரிப்பாளரிடம் சொன்னாள். அவர் கழற்றித் துடைத்துப் பூட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அது நன்றாகத்தான் வேலை செய்தது. என்றாலும் கடைசி இரண்டு நிமிடத்தில் இடது கைக்குள் ஒரு ஸ்டொப்வோச்சையும் வைத்துத் தனியே அளப்பது அவளுடைய பழக்கம். ஹேர்னிங்கில் பழகியது. அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவளிடம் கேட்டதில்லை.

முதல் பகுதியில் டென்மார்க் இரண்டு கோல் போட்டது. இரண்டாம் பகுதியில் லண்டன் ஒன்று திருப்பிக் கொடுத்தது. பிறகு டென்மார்க் மூன்றாவது. பார்வையாளர் வரிசையில் ஒரு மூலையில் குந்தியிருந்த பத்மநாதன் பிளாஸ்கைத் திறக்கவேயில்லை. மூன்றாம் பகுதியில் கெவினின் மகள் வயிற்றாலும் முழங்காலாலும் ஏழெட்டுப் பக்கைத் தடுத்து விழுந்தாள். எட்டு நிமிடம் இருக்கையில் லண்டன் இரண்டாவது கோலைப் போட்டது. மூன்றுக்கு இரண்டு. அரங்கம் கால்களால் பலகையை உதைக்கத் தொடங்கியது.

சரியாகப் பதினான்கு செக்கன் இருக்கும்போது நடுவர் விசில் ஊதினார். பக் டென்மார்க்கின் கோலுக்குப் பக்கத்தில் வெளியே போயிருந்தது. அங்கேயே மறுபடி போடவேண்டும். டெபி கோல்காப்பாளரை வெளியே கூப்பிட்டு, ஆறாவது ஆட்டக்காரியை உள்ளே அனுப்பினாள். வட்டத்தின் விளிம்பில், தடியை ஐஸில் ஊன்றி, முழங்காலை மடித்துக்கொண்டு நின்றது பதினேழாம் இலக்கம். கம்சிகா.

நடுவர் பக்கைப் போட்டார். சுவர்ணாவின் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் அழுத்தின.

கம்சிகா பக்கைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஒரு டென்மார்க் பிள்ளையின் தோளில் இடிபட்டுச் சுழன்று, விழப்போய் நிமிர்ந்தாள். சுவர்ணா அதைப் பார்த்தாள். பிறகுதான் நிமிர்ந்து சுவரில் இருந்த பெரிய மணிக்கூட்டைப் பார்த்தாள். அது பதினான்கில் நின்றது.

அவள் பொத்தானை மறுபடி ஓங்கி அழுத்தினாள். எண்கள் ஓடத் தொடங்கின.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் பாதிதான் கண்டாள். பக் மூலைக்குப் போனது, திரும்ப வந்தது, யாரோ அடித்தார்கள், யாருடைய காலிலோ பட்டது. கோலுக்கு முன்னால் எட்டுப் பேர் குவிந்தார்கள். அந்தக் குவியலுக்குள்ளிருந்து ஒரு தடி நீண்டது. கோலுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் இரண்டு கைகளாலும் நிறுத்தினாள். நடுவர் கையை நீட்டிக் காட்டினார்.

பதினேழாம் இலக்கம்.

லண்டன் பிள்ளைகள் எல்லோரும் அவள்மேல் விழுந்தார்கள். பெற்றோர் எழும்பி நின்று கத்தினார்கள். பத்மநாதன் பிளாஸ்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சுவரில் 1.4 என்று நின்றது. மூன்றுக்கு மூன்று. இப்படியே முடிந்தால் மேலதிக நேர ஆட்டம்.

சுவர்ணா இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். 15.6.

பதினான்கு செக்கன்தான் இருந்தது. பதினைந்தரைக்கு மேல் ஓடியிருக்கிறது. அவள் மனதுக்குள் ஒருமுறை கழித்துப் பார்த்தாள். பிறகு இன்னொருமுறை. விடை மாறவில்லை. பெரிய மணிக்கூடு மூன்று செக்கன் பிந்தித் தொடங்கியிருந்தது. உண்மையான நேரத்தில் அந்தக் கோல் விழும்போது ஆட்டம் முடிந்து ஒன்றரைச் செக்கன் ஆகியிருந்தது.

அவளுடைய முகத்தைக் கண்டு குகநாதன் மேசைப் பக்கமாகக் குனிந்தான். “என்னக்கா?”

அவள் கடிகாரத்தைக் காட்டினாள். “பொத்தான் பிடிக்கேல்லை. மூண்டு செக்கன் பிந்தித்தான் ஓடினது.”

அவன் சுவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஐஸில் துள்ளிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, பேசாமல் இருங்கோ. மூண்டே மூண்டு செக்கன். ஆர் பாத்தது?”

“நான் பாத்தனான்.”

“அதைத்தான் சொல்லுறன். நீங்கள் மட்டும்தான். டென்மார்க்காரரே ஒண்டும் கேக்கேல்லை. கம்சிக்கு இந்தச் சுற்றுப்போட்டியில இதுதான் முதல் கோல். கையை மூடுங்கோ.”

அவனில் பிழை சொல்ல முடியாது. அவளுடைய கையும் மூடத்தான் பார்த்தது. நடுவர் நடுக்கோட்டை நோக்கிச் சறுக்கத் தொடங்கினார். அவர் அங்கே போய் மறுபடி பக்கைப் போட்டுவிட்டால் பிறகு எதையும் மாற்ற முடியாது; விதி அப்படி. சுவர்ணாவுக்கு அது நன்றாகத் தெரியும். இன்னும் ஒரு நிமிடம் சும்மா இருந்தால் காணும். எல்லாம் தானாக முடிந்துவிடும்.

அவள் எழும்பிக் கண்ணாடியில் தட்டினாள். நடுவருக்குக் கேட்கவில்லை. அவள் மேசையிலிருந்த ஊதியை அழுத்தினாள். அரங்கமே திரும்பிப் பார்த்தது.

நடுவர் பின்லாந்துப் பெண், நெட்டையானவர். மேசைக்கு வந்து குனிந்தார். சுவர்ணா ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக, பொத்தான் பிடிக்காததையும் தான் மறுபடி அழுத்தியதையும் சொல்லி, ஸ்டொப்வோச்சைக் காட்டினாள்.

“இது பக் விழுந்தபோதே தொடங்கியதா? உறுதியாகத் தெரியுமா?” என்றார் நடுவர்.

“உறுதியாகத் தெரியும்.”

“கோல் விழுந்தபோது நிறுத்தினீர்களா, அல்லது பிறகா?”

“சிவப்பு விளக்கு எரிந்தபோது. என் விரல் அரைச் செக்கன் பிந்தியிருந்தாலும் நேரம் முடிந்துதான் இருந்தது.”

நடுவர் மற்ற நடுவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். இரண்டு பயிற்சியாளரையும் கூப்பிட்டார். டெபியின் முகம் சிவந்து வெளுத்தது. மூன்று நிமிடம் பேசினார்கள். பிறகு நடுவர் ஐஸின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்து வீசிக் காட்டினார். கோல் இல்லை. ஆட்டம் முடிந்தது. டென்மார்க் மூன்று, லண்டன் இரண்டு.

அரங்கத்தில் எழும்பிய சத்தம் சுவர்ணாவின் நெஞ்சில் இடித்தது. டென்மார்க் பிள்ளைகள்கூட முதலில் சந்தோசப்படத் தெரியாமல் நின்றார்கள். கம்சிகா தலைக்கவசத்தைக் கழற்றாமல் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு யாரோ காதில் சொன்னார்கள். அவள் தடியை ஐஸில் போட்டுவிட்டு, எதிரணியோடு கைகொடுக்கும் வரிசைக்குக்கூட நிற்காமல் உடைமாற்றும் அறைக்குப் போனாள்.

சுவர்ணா புள்ளித்தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வரும்போது கெவின் வழியில் நின்றார். இப்போது சிரிப்பு இல்லை.

“பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தவள். பாஸ்போர்ட்டும் அவர்களுடையது. இந்த மேசையில் இவளை ஏன் இருத்தினார்கள்?” என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். அவளுக்குக் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னார்.

சுவர்ணா நின்றாள். “பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பொத்தான் ஓடாது கெவின்,” என்றாள். “உங்கள் மகள் இன்று இருபத்தாறு பக்கைத் தடுத்தாள். அதையும் நான்தான் எண்ணினேன். அதையும் நான் கூட்டிச் சொல்லியிருப்பேன் என்றா நினைக்கிறீர்கள்?”

அவள் காருக்கு நடந்தாள்.

காரில் கம்சிகா பின் சீற்றில் ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பையை வாசலில் போட்டுவிட்டு மேலே ஏறினாள். கதவு சாத்தப்படும் சத்தத்துக்கு வீடு அதிர்ந்தது.

பத்மநாதன் குசினிக்குள் வந்து தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டார்.

“நீர் பொய் சொல்ல ஏலாத ஆள் எண்டு எனக்குத் தெரியும்,” என்றார். “ஆனா பிள்ளையின்ர கோல், சுவர்ணா.”

“ஓம். பிள்ளையின்ர கோல் எண்டபடியால்தான் உடன சொல்ல வேண்டியிருந்தது. வேற பிள்ளை போட்டிருந்தா ஒருவேளை யோசிச்சிருப்பன்.”

“அதென்ன கதை?”

“நாளைக்கு அவளே கண்டுபிடிச்சிருப்பாள். நான் முகத்தில காட்டிப்போடுவன். அண்டைக்கு அவளுக்கு என்ன மிஞ்சும்?”

அவர் தேத்தண்ணியை ஊற்றி அவளுக்கு முன்னால் வைத்தார்.

ஆறு மணியளவில் தொலைபேசி அடித்தது. சுற்றுப்போட்டியை நடத்தும் குழுவின் செயலாளர். மிகவும் மரியாதையாகப் பேசினார். நாளை மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், லண்டனும் ஹங்கேரியும். சில பெற்றோர் சங்கடப்படுகிறார்கள். நாளைக்கு மட்டும் வேறொருவர் மேசையில் இருந்தால் எல்லோருக்கும் இலகுவாக இருக்கும் அல்லவா?

“என் நேரம் பிழையா?” என்று கேட்டாள் சுவர்ணா.

“இல்லை இல்லை. நடுவர் உங்களை மிகவும் பாராட்டினார்.”

“அப்படியென்றால் நான் ஏன் வராமல் இருக்கவேண்டும்?”

“இது உணர்வுகள் சம்பந்தப்பட்ட விடயம், சுவர்ணா.”

“பிழை என்று எழுத்தில் தாருங்கள், நான் வரமாட்டேன். பிழை இல்லையென்றால் நாளை பதினொன்றரைக்கு மேசையில் இருப்பேன். ஆனால் அந்தப் பெட்டி இருக்கக்கூடாது. வேறு பெட்டி வேண்டும். நான் வெள்ளிக்கிழமையே சொன்னேன்.”

அவர் பெட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அது பேச இலகுவான விடயம். கடைசியில் பக்கத்துப் பட்டினத்து அரங்கிலிருந்து இரவல் பெட்டி ஒன்று எடுப்பது என்று முடிந்தது. அவள் வரக்கூடாது என்று அவர் மறுபடி சொல்லவில்லை.

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பியபோது கம்சிகா படியின் நடுவில் நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள்.

“நாளைக்கும் வரப்போறீங்களா?”

“ஓம்.”

“Mum, please,” என்றாள். பிறகு தமிழுக்கு வந்தாள். “எல்லாரும் உங்களைப் பாப்பினம். என்னையும் பாப்பினம்.”

“பாக்கட்டும். நான் ஒளிச்சால் நான் செய்தது பிழை எண்டு ஆகிப்போடும்.”

கம்சிகா திரும்பி ஏறினாள். இந்தமுறை கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. அது சுவர்ணாவுக்கு இன்னும் நோவாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்மநாதனும் மகளும் காரில் முன்னரே போய்விட்டார்கள். அணி ஒரு மணித்தியாலம் முன்னதாகக் கூடவேண்டும். சுவர்ணா பஸ்ஸில் போனாள். அரங்குக்குள் நுழைந்ததும் தெரிந்த முகங்கள் கோப்பிக் கோப்பைக்குள் பார்க்கத் தொடங்கின. ஒரு தாய் மட்டும் “ஹலோ” என்றாள். சுவர்ணா நேராக மேசைக்குப் போனாள். புதுப் பெட்டியை இருபது தடவை அழுத்திப் பார்த்தாள். ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. குகநாதன் ஏற்கனவே வந்து கதவடியில் நின்றான்.

“நீ வரமாட்டாய் எண்டு நினைச்சன்,” என்றாள்.

“நேற்று நான் சொன்னது பிழையக்கா.”

“பிழையில்லை. எனக்கும் அதுதான் முதல்ல வந்தது.”

ஆட்டம் ஆரம்பத்திலிருந்தே முரடாக இருந்தது. ஹங்கேரிப் பிள்ளைகள் பலமானவர்கள். இடித்துத் தள்ளி விளையாடினார்கள். முதல் பகுதியில் ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் பகுதியில் கம்சிகா தள்ளிக் கொடுத்த பக்கை வைத்து லண்டன் இன்னொன்று அடித்தது. இரண்டுக்கு ஒன்று. கோல் அடித்தவளைக் கட்டிப்பிடித்துவிட்டுத் திரும்பும்போது கம்சிகா மேசையைக் கடந்து சென்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் பகுதியில், ஆறு நிமிடமும் சொச்சமும் இருக்கையில், ஹங்கேரிப் பிள்ளை ஒருத்தி தனியே கோலை நோக்கிப் பாய்ந்தாள். பின்னால் துரத்திய கம்சிகாவால் எட்ட முடியவில்லை. தடியை நீட்டினாள். அது அந்தப் பிள்ளையின் சறுக்குச் சப்பாத்தில் கொழுவி இருவரும் விழுந்தார்கள். விசில். கால் தடுக்கியதற்கு இரண்டு நிமிடம்.

குகநாதன் கதவைத் திறந்தான். கம்சிகா மூச்சிரைத்துக்கொண்டு உள்ளே வந்து பலகையில் விழுந்தாள். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. கண்ணாடியின் கீழே, புள்ளித்தாள் நீட்டுவதற்கு, ஒரு சாண் வெளி.

சுவர்ணா தண்டனை நேரத்தைப் பெட்டியில் அடித்தாள். இரண்டு நிமிடம். பக் விழுந்தது. பொத்தானை அழுத்தினாள். சுவரைப் பார்த்தாள். ஓடுகிறது.

ஐஸில் லண்டனுக்கு நாலு பேர், அவர்களுக்கு ஐந்து. கெவினின் மகள் ஒரு பக்கைத் தடுத்தாள். இன்னொன்றைத் தடுத்தாள். கம்சிகா கையுறைகளை முழங்காலில் குத்திக்கொண்டிருந்தாள்.

“என்ர பிழை,” என்றாள். யாருக்கு என்று தெரியவில்லை.

சுவர்ணா ஐஸைப் பார்க்காமல் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடியே, கண்ணாடியின் கீழ் வெளிப் பக்கமாகச் சரிந்தாள்.

“கம்சி. நேற்று பொத்தான் பிடிக்காதது என்ர பிழையில்லை. ஆனா அதை நான் உடன காணாதது என்ர பிழை. அமத்தின பிறகு மணிக்கூட்டைப் பாக்கவேணும். அதுதான் வேலை. நான் பாக்கேல்லை. மூண்டு செக்கன் நான் உன்னைப் பாத்துக்கொண்டிருந்தனான்.”

கம்சிகா கையுறையை நிறுத்தினாள்.

“உன்னை ஒருத்தி இடிச்சாள். நீ விழப்போய் எழும்பினாய். அதைப் பாத்துக்கொண்டிருந்திட்டன். நேரத்தோட ஓடியிருந்தா நீ கோல் அடிக்க முந்தியே ஊதியிருக்கும். உனக்கும் அந்தச் சந்தோசம் வந்து போயிராது. அதுக்கு நான் உன்னட்டை மன்னிப்புக் கேக்கிறன். சொன்னதுக்குக் கேக்கமாட்டன்.”

ஐஸில் விசில் கேட்டது. சுவர்ணா நிறுத்தினாள். மறுபடி பக் விழுந்தது. ஓடவிட்டாள். தண்டனையில் நாற்பத்தொரு செக்கன் மிச்சம்.

தலைக்கவசத்தின் கம்பிகளுக்குப் பின்னால் மகளின் முகம் தெரியவில்லை.

“அம்மா,” என்றாள் கம்சிகா. “எவ்வளவு இருக்கு?”

“இருபத்தெட்டு.”

அவள் எழும்பிக் கதவடிக்கு வந்தாள். தடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். குகநாதன் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

“சொல்லுங்கோ.”

“பத்து. எட்டு. கதவைத் திறக்காதை குகன், நான் சொல்லும்மட்டும். ஐஞ்சு. நாலு. மூண்டு.”

“அம்மா.”

“என்ன?”

“என்னைப் பாக்கவேண்டாம். மணிக்கூட்டைப் பாருங்கோ.”

“ஒண்டு. போ!”

கதவு திறந்தது. கம்சிகா பாய்ந்தாள். சுவர்ணா சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அரங்கம் கத்தியதிலிருந்துதான் மகள் பக்கைப் பறித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறாள் என்று தெரிந்தது. கோல் விழவில்லை. கம்பத்தில் பட்டு டங் என்று தெறித்தது. அதற்குப் பிறகு நாலு நிமிடம் இரண்டு அணியும் மாறி மாறி அடித்தன. கடைசி நிமிடத்தில் ஹங்கேரி தன் கோல்காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு ஆறு பேரோடு வந்து மோதியது. சுவர்ணாவின் வலது விரல் பொத்தானில், இடது விரல் ஸ்டொப்வோச்சில், கண் சுவரில். பூச்சியம் வந்தபோது ஊதி தானாகவே கத்தியது. இரண்டு கடிகாரமும் ஒன்றாகவே முடிந்தன. லண்டன் இரண்டு, ஹங்கேரி ஒன்று. வெண்கலம்.

அப்போதுதான் அவள் ஐஸைப் பார்த்தாள். மகள் எங்கே என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. எல்லோரும் கெவினின் மகள்மேல் விழுந்துகிடந்தார்கள். கீழேயிருந்து ஒரு பதினேழு தெரிந்தது.

பதக்கம் கொடுத்தார்கள். டெபி புள்ளித்தாளில் கையெழுத்து வைக்க வந்தாள். “நேற்று உன்னை நான் கொன்றிருப்பேன்,” என்றாள் நேராக.

“தெரியும்,” என்றாள் சுவர்ணா.

“இன்று அவர்கள் கடைசிச் செக்கனில் அடித்திருந்தால், நேரம் முடிந்துவிட்டது என்று நீ சொன்னால், அரங்கத்தில் ஒருவரும் மறுத்துப் பேசியிருக்கமாட்டார்கள்.” டெபி பேனையைத் திருப்பிக் கொடுத்தாள். “வசந்தகால ஆட்டங்களுக்கும் உன்னைப் போடுகிறேன்.”

கெவின் மன்னிப்புக் கேட்கவில்லை. தூரத்தில் நின்று தலையை ஒருமுறை அசைத்தார். அது வணக்கமா, வேறேதுமா என்று சுவர்ணாவுக்கு விளங்கவில்லை. அவள் அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை. அடுத்தது இறுதியாட்டம், டென்மார்க்கும் ஜேர்மனியும். அதற்கும் அவள்தான் மேசையில். ஜேர்மனி வென்றது.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. காருக்குப் பக்கத்தில் பத்மநாதனும் கம்சிகாவும் மட்டன் ரோல் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். கம்சிகா கடதாசிப் பையை நீட்டினாள். உள்ளே ஒன்று மிச்சமிருந்தது.

“நான் இன்னும் கோவம்தான்,” என்றாள்.

“கோவப்படு,” என்றாள் சுவர்ணா, ரோலை எடுத்தபடி.

“அந்தக் கோலை நான் மறக்கமாட்டன்.”

“மறக்கச் சொல்லேல்லை.”

கம்சிகா பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டாள். பிறகு பின் சீற்றில் இருந்த பெரிய ஹொக்கிப் பையை அந்தப் பக்கம் தள்ளி, தாய்க்கு இடம் விட்டாள். “செவ்வாய்க்கிழமை பயிற்சி ஆறரைக்கு. டெபி எங்களைக் கோல் கம்பத்துக்கு அடிக்காமல் கோலுக்குள்ள அடிக்கப் பழக்கப்போறாவாம். வருவீங்கள்தானே?”

“வாறன்,” என்றாள் சுவர்ணா, ஏறிக் கதவைச் சாத்தினாள்.